அத்தைக்கு: அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட வேண்டாம்

அன்புள்ள அத்தை,

விண்டோஸ் 10 முடிந்துபோய்விட்டது, புது கம்ப்யூட்டர் வாங்கியே ஆகவேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாகப் போனில் சொன்னீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. உங்களுடையதில் விண்டோஸ் 11 ஏறாது என்பதும் உண்மைதான். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறக்குறைய 2018-க்குப் பிறகு வந்த பிராசசரும் கேட்கிறார்கள். மற்றபடி அந்தப் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. 4 ஜிபி ராம் இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். அதில் ஒரு வகை லினக்ஸ் மின்ட்; அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு அதில் தாராளமாக ஓடும்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவங்களுக்குப்பா" என்றீர்களே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதே யோசனையில் இன்னும் சில அத்தை மாமாக்கள் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே போடுகிறேன். நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் லினக்ஸ்தான்.

என்னைக் கேட்டால், இதில் சிரமப்படுவது அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான். ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் என் நண்பனால் மாற முடியாது. டேலி, டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன், எக்செல் மேக்ரோ என்று பத்து முடிச்சு. போட்டோஷாப்பில் கை பழகியவருக்கு, அதற்குப் பதிலாக லினக்ஸில் இருக்கும் ஜிம்ப்பைப் பார்த்தால் எரிச்சல் வரும். உங்களுக்கு என்ன வேண்டும்? யூடியூப், மெயில், பேரன் போட்டோ, பழைய பாட்டு, சங்கத்துக்குக் கடிதம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வினாத்தாள். அவ்வளவுதானே. வாழ்நாள் சான்றைப் போனிலேயே முகம் காட்டிக் கொடுத்துவிடலாம், அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம்.

இன்னொன்று, லினக்ஸ் மாதிரியான திறந்த மூல மென்பொருள் பக்கம் நீங்கள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். பாட்டுக் கேட்க ஆரஞ்சுக் கூம்புப் படம் போட்ட விஎல்சியைத்தானே திறக்கிறீர்கள்? 1996-இல் பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2001 முதல் அதன் மூலநிரலை, அதாவது அதை எழுதிய நிரலை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். விளம்பரம் காட்டாது, பதிவு செய்யச் சொல்லாது.

காசு மிச்சம் என்று உங்களிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நம் பக்கத்து வீடுகளில் வேர்டுக்கும் எக்செலுக்கும் காசு கொடுத்தவர்களை நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போதே கடையில் காசு கட்டாமல் ஓடவைக்கும் ஏதோ ஒரு கிராக் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. அந்த கிராக்கோடு வைரஸும் வரும், "உங்கள் பிரதி அசலானது அல்ல" என்று சிவப்புப் பட்டையும் வரும். ஃபார்மட் பண்ண வருஷத்துக்கு ஒருமுறை கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேர்டு, எக்செலுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸில் இந்தக் கண்ணாமூச்சி எதுவும் கிடையாது.

அதனால் முதலில் லினக்ஸ் வேண்டாம். இப்போது இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரேஆபீஸைப் போட்டு ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். சும்மா கொடுப்பது ஒருநாள் மூடிவிட்டுப் போய்விடாதா என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியும். ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரில் பிறந்த மென்பொருள் இது. 1999-இல் அதை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிறுவனம் வாங்கி, அடுத்த வருஷம் நிரலைத் திறந்துவிட்டது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியபோது, இனி என்ன ஆகுமோ என்று பயந்த தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டார்கள். அந்தப் பிரிவினையில் வந்ததுதான் லிப்ரேஆபீஸ். முதலாளி மாறினாலும் அதை எடுத்து நடத்த ஆள் இருந்தது.

இனி தமிழ். உங்களுக்குச் சிக்கல் வருமென்றால் இங்கேதான் வரும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளியில் நீங்கள் அடித்து வைத்த பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அவை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் முறை அல்ல. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸிலும் அதை நிறுவலாம், வினாத்தாள் பழையபடி தெரியும். அடிக்கடி எடுக்கும் தாள்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் போதும். அதற்கு மாற்றிகள் இருக்கின்றன, அது என் பொறுப்பு.

தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்று ஒரு நிரல் உண்டு. தமிழ்99 என்ற விசைப்பலகை முறை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வரும் ஒலிபெயர்ப்பு முறை, பழைய டைப்ரைட்டர் முறை என்று எல்லாம் அதற்குள் இருக்கிறது. நீங்கள் ஹையர் பாஸ் செய்த கை. டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்துகொண்டால் விரல் பெரும்பாலும் தானாகப் போகும். தமிழ்99-க்கு மாறுங்கள் என்று இளவட்டங்கள் யாராவது உபதேசம் செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். அது நல்ல முறைதான், ஆனால் இந்த வயதில் எதற்கு?

அப்புறம், லதா, நிர்மலா போன்றவை மைக்ரோசாஃப்டின் எழுத்துருக்கள், லினக்ஸோடு வராது. பதிலுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் வைத்துக்கொள்ளலாம். அழகில் குறைவில்லை, ஆனால் எழுத்தின் அகலம் வேறு. இரண்டு பக்கத்தில் முடிந்த வினாத்தாள் மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி தள்ளி நிற்கும். அட்டவணை போட்ட தாளை வேர்டு வைத்திருப்பவருக்கு அனுப்பினாலும் இதே கதைதான். ஜெராக்ஸ் கடைக்கு எப்போதும் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். லிப்ரேஆபீஸில் மேலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது, ஒரு தட்டு போதும்.

ஒரு மாதம் ஓடிய பிறகு லினக்ஸ். அதையும் உடனே ஏற்ற வேண்டியதில்லை. பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. அப்படி ஓடும்போதே பிரிண்டரைச் சொருகிப் பார்த்துவிட வேண்டும். நிஜமான பரீட்சை அதுதான். எச்பி பிரிண்டர் என்றால் பெரும்பாலும் கவலையில்லை, லினக்ஸுக்கான நிரலை அந்த நிறுவனமே திறந்த மூலமாக வெளியிடுகிறது. வேறு சில பழைய லேசர் பிரிண்டர்கள் உயிரை வாங்கும். பிரிண்டர் ஒத்துழைக்கவில்லை என்றால் லினக்ஸ் பேச்சை விட்டுவிடலாம், எனக்கு வருத்தமில்லை. விண்டோஸுக்கு வேறு வழி பார்ப்போம்.

எல்லாம் சரியாக வந்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க் ஒன்றைப் போட்டுவிடுவேன். கம்ப்யூட்டர் இழுக்கிறது என்கிறீர்களே, அதற்குப் பாதிக் காரணம் அந்தப் பழைய டிஸ்க்தான். 2024-இல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. அதுவரை புதுப் பெட்டி என்ற பேச்சே வேண்டாம்.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. ஏதாவது நின்றுபோனால் தெருமுனைக் கடையில் உதவி கிடைக்காது. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள், அங்கே விஷயம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இங்கே கடைக்காரர் பார்த்தவுடன் "விண்டோஸ் போட்டுடலாம்மா" என்பார். அவரைத் தொட விடாமல் எனக்குப் போன் செய்யுங்கள். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் வரும் கணியம் இணைய இதழும் இருக்கிறது. உங்களுக்கு வாசிப்புப் பழக்கம் உண்டே, ஒரு மத்தியானம் புரட்டிப் பாருங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் பிரிண்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பேரன் படங்களை ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கடைக்காரரே செய்து தருவார். புது கம்ப்யூட்டருக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்