கல் சிலைக்கு எதுக்கு பெயிண்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்க ஊரு காலேஜ் வளாகத்துல ஒரு ஆளு குந்திக்கிட்டு பால் கறக்குற மாதிரி கருங்கல் சிலை இருக்கு, மாடு கன்னுக்குட்டிய நக்கிக்கிட்டு நிக்கும், மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்துல 7ஆம் நூற்றாண்டு பல்லவர் சிற்பம் ஒண்ணும் இப்படித்தான் இருக்கும். தோட்டத்துல ரப்பர் பால் வெட்டிட்டு வந்து மாடும் வளர்த்த எங்க தாத்தா பாட்டிங்க கதை மாதிரியே இருக்கும் அது.

இப்ப அதுமேல எண்ணெய் பெயிண்ட் அடிச்சி வச்சிருக்காங்க, மாட்டு நாக்குல இருந்த உளித்தடம், அந்த ஆளோட விரல் எல்லாம் மூடிப்போச்சு, பாக்கவே வயிறு எரியுது. நம்ம ஊரு மழைக்கு உள்ள ஈரம் தங்கி பெயிண்ட் உரியும், அப்புறம் கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சா செதுக்கலும் போயிடும். கோயில் வேலைக்கு தமிழ்நாட்டுல இருந்து ஸ்தபதிங்க வர்றாங்கல்ல, அவங்கள்ல ஒருத்தர கூப்பிட்டு பக்குவமா எடுக்க சொல்லுங்க.

வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா