பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைக்கவும், பெட்ரோல் பங்குகளில் தண்ணீர்ச் சோதனையை முறைப்படுத்தவும் கோரும் மனு

அனுப்புநர்
பழைய இரு சக்கர வாகன உரிமையாளர்களும் பழுதுநீக்கும் தொழிலாளர்களும் (கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் கார்புரேட்டர் வண்டிகளுக்கு ஏற்படும் பழுதுகள் – மாவட்ட அளவில் நடவடிக்கையும், ஒன்றிய அரசுக்குப் பரிந்துரையும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எத்தனால் கலப்பை நிறுத்தச் சொல்லி இந்த மனுவைத் தரவில்லை. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதும், கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குப் பணம் போய்ச் சேருவதும் நல்லதுதான். எங்கள் குறை ஒன்றே ஒன்று: இ20-க்காகச் செய்யப்படாத வண்டிக்கு வேறு பெட்ரோல் போட வழியே இல்லாமல் போய்விட்டது.

கலப்பு 10 சதவீதத்தை 2022 ஜூனில் எட்டியது. இ20 விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025-க்குள் எல்லாப் பங்குகளுக்கும் வந்துவிட்டது. இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதோ 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன் விற்ற வண்டிகளில் பெரும்பாலானவை இ10 வரைக்கும்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வரும்வரை இங்கே ஓடிய இரு சக்கர வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள் (ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலை விட்டு, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர்). திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், மைசூரு ஐடியல் ஜாவாவின் யெஸ்டி, ராஜ்தூத், 1985 முதல் 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100 ஆகியவற்றைப் பொக்கிஷம் போல வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். (சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்புகிறவர்களுக்காக நாங்கள் பேசவில்லை. அவர்களைப் போலீசார் பார்த்துக்கொள்ளட்டும்.) இன்னொரு பக்கம், டி.வி.எஸ். 50-இலும் எக்ஸ்.எல்.-இலும் பால் கேனும் கீரைக்கட்டும் ஏற்றிப் போகிறவர்கள். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். வேறு வண்டி வாங்கும் நிலையிலும் இவர்கள் இல்லை.

பழுது எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு அது ஏறத்தாழ 13.5. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இந்த வித்தியாசத்தைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொடுக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட்டின் துளை என்ன அளவோ அதுதான் போகும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் சரியாக செட் செய்த வண்டி, இ20-இல் சுமார் 8 சதவீதம் 'லீன்' ஆக, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த கலவையில், ஓடுகிறது. காலையில் சோக் போட்டாலும் நாலைந்து கிக் கேட்பது, ஆக்சிலேட்டரைத் திருப்பியதும் ஒரு கணம் திணறுவது, இறக்கத்தில் விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பது, பிளக்கைக் கழற்றினால் இளம்பழுப்பு நிறம் போய்ச் சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் நீண்ட தூரம் ஒரே வேகத்தில் போனால் சிலிண்டர் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

இதை ஓரளவு சரிசெய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறோம். புல்லட்டின் மிக்கார்ப் கார்புரேட்டரிலும் ஆர்.எக்ஸ். வண்டிகளிலும் இருப்பது காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூ. கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை உள்ளே திருகினால், வண்டி நின்றபடி ஓடும்போது (ஐட்லிங்) கலவையில் பெட்ரோல் கூடும். ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி மாட்டினால் நீடில் உயர்ந்து நடுவேகத்துக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போதும் பிளக் வெளுத்தால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டும். ஆனால் இதையெல்லாம் செய்தபின் மைலேஜ் இன்னும் குறையும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இத்தகைய இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பை ஒப்புக்கொள்கிறது. எத்தனாலால் ஆக்டேன் (எஞ்சினில் தட்டல் இல்லாமல் எரியும் திறன்) கூடுகிறது என்ற பதிலும் இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. பழைய புல்லட்டின் கம்ப்ரஷன் (எஞ்சின் கலவையை அழுத்தும் விகிதம்) 6.5-க்கு 1 தான். கூடுதல் ஆக்டேனை வைத்துக்கொண்டு அது செய்ய ஒன்றுமில்லை.

செட்டிங்கால் தீராதது ரப்பரும் உலோகமும். பெட்ரோல் காக்கினுள் (டேங்கின் அடியில் உள்ள திறப்பு) இருக்கும் பழைய வாஷரும் கார்க்கும், கார்புரேட்டரின் ஃப்ளோட் பவுல் கேஸ்கெட்டும், சாதாரண நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்கும் எத்தனாலில் ஊறி உப்புகின்றன. வண்டி சில நாள் நின்று காய்ந்தால் சுருங்கி வெடிக்கின்றன. பிளாஸ்டிக் டியூப் கெட்டியாகி, மாட்டிய இடத்திலேயே கீறிக்கொள்கிறது. கசிகிற பெட்ரோல் நேராகச் சூடான எஞ்சின் மேல் சொட்டுகிறது என்பதால் இதை வெறும் பராமரிப்புச் செலவு என்று ஒதுக்க முடியாது. கார்புரேட்டர் பாடி துத்தநாகக் கலவை. அதனுள் வெள்ளைப் பொடி படிகிறது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதை அடைக்க ஒரு துகள் போதும். பழைய டேங்கில் பல வருடமாக ஒட்டிக்கிடந்த துருவையும் பிசினையும் எத்தனால் இளக்கிக் கொண்டுவருவதால், இ20-க்கு மாறிய புதிதில் ஃபில்டர் அடைப்பது வழக்கமாகிவிட்டது.

எஞ்சின் ஒரே நாளில் நின்றுபோவதில்லை. மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது இது. அதனால்தான் இது எந்த அலுவலகத்திலும் புகாராகப் பதிவாவதில்லை என்று கருதுகிறோம்.

தண்ணீர் தனிப் பிரச்சினை. இதில் மாவட்ட நிர்வாகம் நேரடியாகவே உதவ முடியும். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். இ10-ஐவிட இ20 அதிகத் தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வரம்பைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். வண்டியின் பெட்ரோல் காக் எடுப்பதும் அடியிலிருந்துதான். ரிசர்வில் போட்டதும் வண்டி நின்றுவிடுகிறது என்று மழைக்காலத்தில் வரும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். டூ-ஸ்ட்ரோக்கில் நிலைமை இன்னும் மோசம். லிட்டருக்கு 20 முதல் 40 மி.லி. வரை கலக்கும் 2டி ஆயில் மேலடுக்குப் பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் இருக்கும் அடுக்கில் ஆயில் இருக்காது. அது எஞ்சினுக்குள் போனால் கிராங்க் பேரிங்கும் பிஸ்டனும் காய்ந்து ஓடும்.

பங்கின் நிலத்தடித் தொட்டியில் இதே பிரிவு நடந்தால், அன்று வந்த எல்லா வண்டிக்கும் அது போய்ச் சேரும். வடகிழக்குப் பருவமழையில் தொட்டியின் மூடி வழியாகத் தண்ணீர் இறங்குவது புதிதல்ல. முன்பெல்லாம் தண்ணீர் தனியாக அடியில் தங்கும், டிப் ராடில் (தொட்டிக்குள் இறக்கும் அளவுகோல்) பேஸ்ட் தடவி இறக்கினால் நிறம் மாறிக் காட்டிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்தப் பழைய பேஸ்ட்டை நம்ப முடியாது. எத்தனால்-தண்ணீர் அடுக்கைக் காட்டும் தனி பேஸ்ட் வேண்டும்.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்.

1. 2005-ஆம் ஆண்டின் மோட்டார் ஸ்பிரிட் மற்றும் டீசல் கட்டுப்பாட்டு ஆணையின்படி நடக்கும் பங்கு ஆய்வுகளில், எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற பேஸ்ட்டால் தண்ணீர்ச் சோதனை செய்யப்படுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வழங்கல் அலுவலர்களுக்கு உத்தரவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு நாளும் முதல் விற்பனைக்கு முன் இந்தச் சோதனை நடக்க வேண்டும். கனமழை பெய்த மறுநாள் கட்டாயம். முடிவை டென்சிட்டி (பெட்ரோலின் அடர்த்தி) எழுதும் பலகையிலேயே எழுதலாம், தனிப் பதிவேடு தேவையில்லை.

2. ஒவ்வொரு பம்ப்பிலும் எத்தனால் சதவீதத்தைத் தமிழில், நாஸிலைப் பிடிக்கும் இடத்துக்கு மேலே, கண்ணில் படும்படி எழுதச் செய்ய வேண்டும். இப்போது பல இடங்களில் அது இல்லை, அல்லது விளம்பரத்துக்கு நடுவே தொலைந்துகிடக்கிறது.

3. வாடிக்கையாளர் கேட்டால் கலப்படம் பார்க்கும் ஃபில்டர் பேப்பர் சோதனையும் 5 லிட்டர் அளவுச் சோதனையும் செய்து காட்டுவது போல, எத்தனால் அளவையும் காட்ட வேண்டும். இதற்கு ஆய்வகம் வேண்டாம். மூடியுள்ள 100 மி.லி. கண்ணாடி அளவுக் குழாயில் முதலில் 10 மி.லி. தண்ணீர், அதன்மேல் 90 மி.லி. பெட்ரோல். ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, மூடியைச் சற்றுத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். பெட்ரோலில் இருந்த எத்தனால் பெரும்பாலும் தண்ணீரோடு சேர்ந்து கீழே வந்துவிடும். கீழடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை, 19-க்குப் பக்கத்தில் இருந்தால் இ10, 28-க்குப் பக்கத்தில் இருந்தால் இ20. அதைவிடத் தெளிவாக மேலே போனால் அது விசாரிக்க வேண்டிய பெட்ரோல்.

4. தாலுகாவுக்கு ஒரு பங்கிலாவது எத்தனால் இல்லாத அல்லது 10 சதவீதத்துக்கு மேற்படாத பெட்ரோல் விற்க வழிசெய்யுமாறு பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோல் இ10 ஆனபோது, பழைய வண்டிகளுக்கென்றே இ5 'சூப்பர்' ரகத்தில் தொடர்ந்தது. பிரேசில் நம்மைவிட அதிகம் கலக்கிறதே என்பார்கள். அங்கே பல பத்தாண்டுகளாக வண்டிகளே அதற்கேற்பச் செய்யப்படுகின்றன. பெருநகரங்களில் சில பங்குகளில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை மாற்றாகச் சொல்லவும் முடியாது. அதன் விலையில் கீரை வியாபாரி எக்ஸ்.எல். ஓட்ட முடியாது.

5. நிறுத்தப்பட்ட மாடல்களுக்கும் எத்தனாலைத் தாங்கும் பாகங்கள் (விட்டான் என்ற ரப்பர் முனையுள்ள ஃப்ளோட் நீடில், காக் வாஷர், பவுல் கேஸ்கெட், எரிபொருள் டியூப்) கிடைக்கச் செய்ய, தயாரிப்பு நிறுவனங்களுக்கு எழுத வேண்டும். கடைகளில் 'எத்தனால் புரூஃப்' என்று வெறும் ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண ரப்பரும் விற்கிறது. இரண்டு நாள் பெட்ரோலில் ஊறவைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், ஆனால் வாங்கும்போது தெரியாது.

6. அரசு ஐ.டி.ஐ.களில் சாலையோர மெக்கானிக்குகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும். அதில் புகைச் சோதனை நிலையத்தாரையும் சேர்க்க வேண்டும். காரணம் இருக்கிறது. 2000 மார்ச் வரை தயாரான இரு சக்கர வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரையும், அதன்பின் வந்த பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்கு 3.5 சதவீதம் வரையும் அனுமதி உண்டு. அளவுக்கு மீறி லீன் ஆன வண்டியில் இந்த எண் அரை சதவீதத்துக்கும் கீழே வரும். சான்றிதழ் 'பாஸ்' என்று சொல்லும், எஞ்சினோ வெந்துகொண்டிருக்கும். 2 முதல் 3 சதவீதத்தில் செட் செய்தால் சட்டத்துக்கும் உட்பட்டது, எஞ்சினுக்கும் பாதுகாப்பு. சோதனைத் தாளில் அச்சாகும் அந்த ஒரு எண்ணை வைத்து கார்புரேட்டரை செட் செய்ய மெக்கானிக்குகள் கற்றுக்கொண்டால், பாதி வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

முதல் மூன்று கோரிக்கைகளுக்கு மாவட்ட அளவிலேயே உத்தரவிட முடியும் என்பதால், அவற்றைப் பருவமழை தொடங்குமுன் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். நான்காவதும் ஐந்தாவதும் தங்கள் பரிந்துரையோடு மேலே அனுப்பப்பட்டால், அதன் நகலை எங்களுக்கும் தர வேண்டுகிறோம். மூன்றாவது கோரிக்கையில் சொன்ன அளவுக் குழாய்ச் சோதனையை, தாங்கள் குறிப்பிடும் அலுவலர் முன்னிலையில், அவர் தேர்ந்தெடுக்கும் பங்கின் பெட்ரோலைக் கொண்டே செய்துகாட்டத் தயாராக இருக்கிறோம். குழாயை நாங்களே கொண்டுவருகிறோம்.

இணைப்பு: கையொப்பத் தாள்கள், எத்தனாலில் உப்பிய காக் வாஷர், வெடித்த டியூப், அடைபட்ட ஸ்லோ ஜெட் (உறையிலிட்டது).

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய இரு சக்கர வாகன உரிமையாளர்களும் பழுதுநீக்கும் தொழிலாளர்களும்