பாதி படித்தவர்களையும் பேச விடுங்கள்

கோலாலம்பூரில் தமிழ் நாவல்களுக்கு வெளியீட்டு விழா எடுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், வாசகர் வட்டங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் உழைப்பைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அடித்து, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் எந்த நாளில் வருவார் என்று அலைந்து, சாப்பாட்டுக்கும் சொல்லி, ஒரு நாவலாசிரியருக்கு அச்சுக்கூலியையாவது மீட்டுக் கொடுக்கிறீர்கள். உறையில் ரிங்கிட்டைப் போட்டு நீட்டிப் புத்தகம் வாங்கும் வரிசையில் நானும் பல முறை நின்றிருக்கிறேன். அது இல்லையென்றால் இங்கே பல நாவல்கள் அச்சுக்கே போயிருக்காது.

எனக்குள்ள வருத்தமெல்லாம், நாவலைப் பற்றிய பேச்சு முழுவதும் அதை யாருமே படித்திராத நாளில் நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான். முதல் நூல் வாங்குகிறவர் படித்திருக்க மாட்டார். நியாயம்தான், இப்போதுதானே வாங்குகிறார். தலைமை தாங்குகிறவர் பின்னட்டையைப் படித்திருப்பார். ஆய்வுரை ஆற்றுகிறவர் மட்டும் முழுதாகப் படித்துவிட்டு வருவார். அவரும் மலேசியத் தமிழ் நாவல் வரலாற்றை 1917-இல் வெளிவந்த நாவலில் தொடங்குவார். அங்கிருந்து இன்றைய நாவலுக்கு வந்து சேர்வதற்குள் பின்வரிசை எழுந்து சாப்பாட்டு மேசையின் மீ கோரெங் பக்கம் போயிருக்கும். அப்புறம் எல்லோரும் புத்தகத்தோடு வீட்டுக்குப் போகிறோம். பேருந்திலும், மருத்துவமனை வரிசையிலும், பிள்ளைகள் தூங்கிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறோம். சொல்வதற்கு ஏதாவது இருப்பது அந்த மாதங்களில்தான். அப்போது கேட்க ஆளில்லை.

ஆகவே என் கோரிக்கை இது. வெளியீடு முடிந்து இரண்டொரு மாதம் கழித்து, அந்த நாவலை இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிடுங்கள். முடித்தவர்களும் வரட்டும். ஆனால் முதலில் பேசுவது நடுவில் இருப்பவர்களாக இருக்கட்டும்.

நாவலை முடித்துவிட்ட வாசகர் நாகரிகமாகிவிடுகிறார். “நல்ல படைப்பு, சமுதாயத்துக்கு வேண்டிய கருத்து” என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிடுவார். நடுவில் இருப்பவருக்கு அந்த நிதானம் கிடையாது. அவர் யார் மீதாவது கோபமாக இருப்பார், யாருக்காகவாவது பயந்துகொண்டிருப்பார். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ நாவல், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஆட்களை வதைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பற்றியது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தோட்டத்து ஆட்களை ரயிலேற்றும் இடத்தோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். அவருடைய சித்தப்பா அப்படிப் போனவர். “யாராவது திரும்பி வருகிறார்களா, அதை மட்டும் சொல்லு” என்று என்னிடம் கேட்டார். அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட எந்த ஆய்வுரையும் அந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் வராது. முழுக்கப் படித்து முடித்திருந்தால் அவருமே இதைக் கேட்டிருக்க மாட்டார்.

நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக்கு வரும் ஒரே பிரதி கைமாறிக் கைமாறித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருவதற்குள் அட்டை கிழிந்துவிடும் என்று அப்பா சொல்வார். முடிவு யாருக்கும் தெரியாது. அதனாலேயே ரப்பர் பால் எடுக்கும்போதும் பேச்சு, கோயிலடியிலும் பேச்சு. நந்தினி கெட்டவளா இல்லையா என்று இரண்டு கட்சி. அத்தனை பேரும் பாதி படித்தவர்கள்தான்! வாசகர் வட்டம் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். அரைகுறையாகப் படித்துவிட்டுக் கருத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்தவர்கள். ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடைசெய்தது. அதையொட்டிச் சில வரிகளை மட்டும் பார்த்துவிட்டு முழு நாவலுக்கும் தீர்ப்புச் சொன்னவர்கள் இருந்தார்கள். சரி. ஆனால் அவர்கள் நாவலின் நடுவில் நிற்கவில்லை, வாசலிலேயே நின்றார்கள். “நான் இதுவரை வந்திருக்கிறேன், இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் மேலே படிக்கப் போகிறேன்” என்பவர் வேறு ஆள். அவர் தீர்ப்புச் சொல்வதில்லை, தகராறு செய்கிறார். வாசகர்கள் தகராறு செய்வதற்கு நமக்கு இடமே இல்லாமல் போனதால்தான், ஒரு நாவல் என்றால் பொன்னாடை அல்லது போலீஸ் புகார் என்று ஆகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

செலவு பெரிதாக ஒன்றும் வராது. பிரிக்பீல்ட்ஸில் ஏதாவது ஒரு மாடி அறை போதும். மேடை வேண்டாம், பேனர் வேண்டாம், தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கட்டும். பேச எழுகிறவர் தாம் எந்த அத்தியாயத்தில் இருக்கிறார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் உள்ள கதையை அவருக்கு யாரும் உடைக்கக் கூடாது. எழுத்தாளர் வரலாமா என்றால், வரலாம், ஆனால் விளக்கம் சொல்லக் கூடாது. இது கொஞ்சம் கொடுமைதான். தன் நாவலை ஒருவர் பாதியில் போட்டுவிட்டதாகச் சொல்வதை எதிரிலேயே உட்கார்ந்து கேட்க மனசு வேண்டும். ஆனாலும் அவருக்கு அதைவிடப் பயனுள்ள ஒரு மாலை கிடைக்காது.

நான் இப்போது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் இருக்கிறேன். பாண்டியன் மெடானிலிருந்து பினாங்குக்கு வந்து சேர்ந்துவிட்டான். நண்பர்கள் குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் பகுதியைச் சிரித்துச் சிரித்துப் படித்தேன், பிறகு எரிச்சலும் வந்தது. இத்தனை கெட்டிக்காரர்கள் பேசும் கதையில் பெண்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்களே தவிர, நின்று பேசுகிற ஒருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. என் கணவர், “பேசாமல் முடித்துவிட்டுப் பேசு” என்கிறார். முடித்துவிட்டால் இந்த எரிச்சல் இருக்குமா என்று தெரியாது. அடுத்த மாதத்துக்குள் ஒரு நாள் குறித்துச் சொன்னீர்களென்றால், அதுவரை மெதுவாகவே படிக்கிறேன்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு வாசகி