பன்னீர் ஏன் மூன்று வாரமாக இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "பன்னீர் நிஜமாவே இல்லையா, இல்ல ஓட்டலுக்கு எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் நேற்று கேட்டேவிட்டார். கல்லாவில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் விளக்க முடியவில்லை. அதனால் இந்த மடல்.

போன மாதம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் நம் அயனாவரம் கடைக்கு வந்து பன்னீரில் மாதிரி எடுத்தார். சும்மா எடுக்கவில்லை, காசு கொடுத்து வாங்கினார். சாட்சி வைத்து நான்கு பங்காகப் பிரித்து முத்திரை போட்டார். ஒரு பங்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்து ஆய்வகத்துக்குப் போனது. இரண்டு வாரத்தில் முடிவு வந்தது: தரக்குறைவு.

உடம்புக்குக் கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'பாதுகாப்பற்ற உணவு' என்பது வேறு, இன்னும் கடுமையான குற்றம். பன்னீரில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஈரம் போக மிஞ்சும் எடையில் பாதியாவது பால்கொழுப்பு இருக்க வேண்டும். நாங்கள் விற்றது அந்தப் பாதியைத் தொடவில்லை. இதைச் சொல்லி நழுவப் பார்க்கவில்லை. முழுப் பன்னீருக்கான காசை உங்களிடம் வாங்கியிருக்கிறோம்.

அந்தப் பன்னீரை நாங்கள் செய்யவில்லை. வெளியே ஒருவரிடம் கட்டியாக வாங்கி வெட்டி விற்றோம். கிலோ 240 ரூபாய்க்குக் கொடுத்தார். ஒரு கிலோ பன்னீருக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் கெட்டிப்பால் பிடிக்கும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் விலையை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், பாலுக்கே கட்டாது. முப்பது வருஷமாகப் பால் வியாபாரம் செய்கிற எனக்கு இந்தக் கணக்கு தெரியாதா? தெரியும். போட்டுப் பார்க்கவில்லை.

பன்னீரைச் செய்தவரோடு விற்றவரையும் சட்டம் பிடிக்கும். அபராதம் 5 லட்சம் வரை போகலாம். வாங்கிய பில் இருந்ததால் சரக்கு எங்கிருந்து வந்தது என்றாவது காட்ட முடிந்தது. ஆய்வக முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள், செய்யவில்லை. மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து எவ்வளவு போட்டாலும் கட்டிவிடுவோம்.

வீட்டில் சோதிக்க வழி உண்டா என்று சிலர் கேட்டீர்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் டிங்க்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமானால் மாவு கலந்திருக்கிறது. கொழுப்புக் குறைவை இது காட்டாது, அதற்கு ஆய்வகம்தான்.

வரும் திங்கள் முதல் பன்னீரை நாங்களே போடுகிறோம். எருமைப்பாலை எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் கட்டி, அம்மாவின் பழைய அம்மிக்கல்லை மேலே ஏற்றி வைக்கிறோம். கல் இறங்க மணி பதினொன்று ஆகிவிடும், அதற்கு முன் வந்து கோபிக்க வேண்டாம். கிலோ 480 ரூபாய். முன்பு 320-க்கு விற்றோம், உறைக்கத்தான் செய்யும்.

போன மாதம் எங்களிடம் பன்னீர் வாங்கியவர்கள் வந்து பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எவ்வளவு வாங்கினீர்கள் என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கடைக்காரர்