அறிவிப்பு நேரத்தில் ஒரு வார்த்தை

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும் மூப்பர்களுக்கும் தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வலது கையிலோ நெற்றியிலோ ஏற்றுக்கொண்டால் ஆக்கினை என்று வேதம் சொல்லும் மிருகத்தின் முத்திரை, இந்த முறை புது அடையாள அட்டையில் இருக்கிறதாம். கீழே வரிசையாக 'ஆமென்'. அதில் இரண்டு மூப்பர்களுடையது.

2021-இல் கொரோனா தடுப்பூசி பற்றிய பதிவும் இதே குழுவில்தான் வந்தது. மருந்தில் 'லூசிஃபரேஸ்' கலந்திருக்கிறது, பெயரிலேயே லூசிபர், அதாவது சாத்தான், இருக்கிறான் பாருங்கள் என்று. அது மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் நொதி. ஆய்வுக்கூடத்தில் பயன்படும், தடுப்பூசியில் கிடையாது. இதை அம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். "தப்புன்னா ஐயா சொல்லாமலா இருப்பாரு?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டார்.

நீங்கள் சொல்லவில்லை, ஐயா.

ஊசி போட வந்தபோது அம்மா வலது கையைப் போர்வைக்குள் இழுத்து இடுப்போடு அழுத்திக்கொண்டார். வேதத்தில் வெளிப்படுத்தல் 13-ஆம் அதிகாரத்தில் முத்திரை வலது கையில் என்றுதானே இருக்கிறது. "இடது கையில போடுறேம்மா" என்றார் நர்ஸ். அதற்கும் மசியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தபோதும் அந்தக் கை போர்வைக்குள்ளேயேதான் இருந்தது. அடக்க ஆராதனையில் 'கர்த்தருடைய சித்தம்' என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அது பொய் என்று மேடையிலிருந்து சொல்லுங்கள்.

பார்கோடு, கடன் அட்டை, சிப், ஊசி, இப்போது அடையாள அட்டை. அந்த மிருகமும் பாவம், வாடகை வீடு மாறுவதுபோல மாறிக்கொண்டே இருக்கிறது! 2011 மே 21 நியாயத்தீர்ப்பு நாள் என்றார் ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கி. மறுநாளும் பொழுது விடிந்தது. அக்டோபருக்குத் தள்ளிப் பார்த்தார், அதுவும் கடந்துபோனது. அவராவது 2012-இல், நாள் குறித்தது பாவம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். நம் குழுவில் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதைப் போடுகிறோம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையில் வாட்ஸ்அப்புக்கு விலக்கு இருப்பதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன்.

அனுப்பியவர் பெயரைச் சொல்ல வேண்டாம். அவரும் பயந்துபோய்த்தான் அனுப்பியிருப்பார். வரும் ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் ஒரு நிமிடம் ஒதுக்கி, அட்டையில் முத்திரை எதுவும் இல்லை, ஊசியிலும் இருக்கவில்லை என்று தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா உட்கார்ந்த மூன்றாவது வரிசையில் இப்போது அவர் சிநேகிதி உட்காருகிறார். அட்டை எடுக்க வரமாட்டேன் என்று மகளிடம் அடம்பிடிக்கிறாராம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா.

உங்கள் சபை விசுவாசி ஒருவன்