வரவு செலவுத் திட்டம் முதலில் பகுதி சபைக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய சேலம் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், 60 கோட்டங்களின் (வார்டுகளின்) மாமன்ற உறுப்பினர்களுக்கும், அம்மாபேட்டையில் வசிக்கும் ஒருத்தி வணக்கத்துடன் எழுதும் மடல்.

மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை நாங்கள் நாளிதழில் படிக்கும்போது தொகைகள் முடிவாகிவிட்டிருக்கின்றன. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, எங்கள் கோட்டத்தில் எந்தப் பணிக்கு உத்தேசமாக எவ்வளவு என்பதை ஒரே தாளில் எழுதி, கோட்டத்தின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையில் வையுங்கள். மக்கள் முதலில் வேண்டுவது எது என்று கேட்டுப் பதிவு செய்து, ஏற்க முடியாதவற்றுக்குக் காரணம் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவே.

இதை நான் முதன்மையாக நீருக்காகக் கேட்கிறேன். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகள் வழியே இறங்கி ஏரிகளை நிரப்பித் திருமணிமுத்தாற்றில் சேர்வது இவ்வூரின் இயற்கை அமைப்பு. ஏரிக்கரையில் நடைபாதையும் விளக்கும் அமைத்தால் அது எல்லார் கண்ணிலும் படும். நீர்வரத்து வாய்க்கால் எந்தத் தெருவுக்கு அடியில் அடைபட்டிருக்கிறது என்பதோ அங்கே ஐம்பது ஆண்டுகளாக வாழும் முதியவர்களுக்குத்தான் தெரியும். வாய்க்கால் அடைபட்டிருக்கக் கரையை மட்டும் அழகுபடுத்துவது வீண் செலவு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010இல் பொதுமக்கள் முன்னின்று தூர் வாரி, அந்த மண்ணையே நீர் நடுவே திட்டுகளாக்கி மரம் நட்டதை இவ்வூர் பார்த்திருக்கிறது. அவ்வளவு செய்தவர்களிடம் செலவின் முன்னுரிமையையும் கேட்கலாம் அல்லவா?

இதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தமிழக நகரங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், முதன்முதலாகக் கூடின. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இலேயே நிதி ஒதுக்கீட்டை மக்கள் கூட்டங்களில் விவாதிக்கத் தொடங்கியது. குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் எளியவர் பகுதிகளுக்கு விரைவாகச் சென்றதில் அக்கூட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. நம் நாட்டில் புனே மாநகராட்சியும் 2006 முதல் குடிமக்களிடம் பணிப் பரிந்துரைகளைக் கேட்டு வாங்கியது.

எல்லாத் தலைப்புகளையும் ஒரே ஆண்டில் இவ்வாறு விவாதிப்பது கடினமென்றால், மழைநீர் வடிகாலையும் ஏரிகளையும் மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை மாலை 6 மணிக்கு மேல் வையுங்கள். எங்கள் பகுதியில் தறியில் இருப்பவர்கள் பகலில் எழுந்து வர இயலாது.