வினைக்குப் பின்னால் வருகிற சின்னச் சொல்

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

நீ இங்கிலீஷில் எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்தேன். விஷயத்தில் குறை இல்லை. பம்ப் எப்போது நின்றது, யார் யார் இருந்தார்கள், என்ன செய்தீர்கள், எல்லாம் இருக்கிறது. பிறகு ஏன் உன் மேனேஜர் திருப்பி அனுப்புகிறார் என்று கேட்டிருந்தாய். அவர் சிவப்பில் சுழித்த இடங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே ஜாதிதான். இறந்தகால வினையை எழுதியதும் அடுத்து வருகிற இணைப்புச் சொல் இருக்கிறதே, அங்கேதான் இடறுகிறாய். 'தட்', 'பிகாஸ்', 'அண்ட்', 'சின்ஸ்' மாதிரி நாலைந்து சொல். போனில் சொல்லலாம் என்றால் மலையில் டவர் நின்று பேச விடுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் 'செட்', அதாவது 'சொன்னார்'. "வருகிறேன் என்று சொன்னார்" என்கிறோம். அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அப்படியே நிற்கும், 'என்று' போட்டு முடித்துக் கடைசியில் 'சொன்னார்' என்போம். இங்கிலீஷில் சொன்னார் முதலிலேயே வந்துவிடும். 'தட்' போட்ட பிறகு அவர் பேச்சு அவர் பேச்சாக நிற்காது. ஆளையும் காலத்தையும் நம் பக்கத்திலிருந்து மாற்றிச் சொல்ல வேண்டும். நீ எழுதியிருப்பது, "த ஆபரேட்டர் செட் தட் ஐ ஹேவ் செக்டு த வால்வ்." இதைப் படிக்கிறவருக்கு வால்வைப் பார்த்தது நீ. நாளைக்கு விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நீ. "ஹி செட் தட் ஹி ஹேட் செக்டு த வால்வ்" என்று மாற்று.

நான் எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தபோது ஒரு சின்னப் பையன் ஆபீசில் சேர்ந்திருந்தான். சேலம் லீ பஜார் வியாபாரி ஒருவர் மேலே வந்து காபியைப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வருகிறேன், விலையைக் கேட்டு வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் சென்னையில் இருந்த முதலாளிக்கு லெட்டர் போட்டான்: "ஹி செட் தட் ஐ ஆம் கமிங் ஆன் மண்டே." பழம் எடுப்பு நேரத்தில் இவன் எதற்குச் சென்னைக்கு வருகிறான் என்று முதலாளிக்குக் கோபம். வரட்டும், நேரிலேயே கேட்டுக்கொள்வோம் என்று அங்கே உட்கார்ந்திருக்கிறார். இங்கே வியாபாரி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து நிற்கிறார், விலை சொல்ல ஆளில்லை. டீயைக் குடித்துவிட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டார். "ஹி செட் ஹி வாஸ் கமிங்" என்று இருந்தால் போதும். திங்கட்கிழமை இன்னும் வரவில்லை என்பதால் "ஹி செட் ஹி இஸ் கமிங்" என்றுகூட எழுதலாம், இன்னும் நடக்க வேண்டிய விஷயத்துக்கு அது செல்லும். 'ஐ' மட்டும் ஆகாது.

'தட்'டை எங்கே விடலாம் என்று கேட்டாயே. 'செட்', 'தாட்' (நினைத்தார்), 'நியூ' (தெரிந்திருந்தது) இந்த மாதிரி அன்றாட வினைகளுக்குப் பின்னால் அது இல்லாமலே பேச்சு ஓடும். 'ரிப்ளைட்', 'கம்ப்ளெயின்ட்' மாதிரி கொஞ்சம் கனமான வினை என்றால் வைத்துக்கொள். அதைவிட முக்கியம், நடுவில் கிழமையோ நேரமோ வந்தால் விடவே விடாதே. "ஹி செட் ஆன் மண்டே த பெல்ட் ப்ரோக்" என்று எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை அறுந்ததா? 'மண்டே'வுக்கு முன்னால் 'தட்' வைத்தால் அறுந்த நாள், பின்னால் வைத்தால் சொன்ன நாள். 'டோல்டு' என்றால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும், அப்புறம்தான் 'தட்'. 'ஆஸ்க்டு தட் வெதர்' என்று இரண்டையும் சேர்த்துப் போடாதே, 'வெதர்' மட்டும் போதும்.

அடுத்தது 'பிகாஸ்'. "வீ டிட் நாட் ரன் த ஸ்டாண்ட்பை பம்ப் பிகாஸ் த சூப்பர்வைசர் ஆஸ்க்டு அஸ்." மேனேஜர் இதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பது நியாயம்தான். சூப்பர்வைசர் வேண்டாம் என்றார், அதனால் ஓட்டவில்லை என்று ஒரு அர்த்தம். ஓட்டினோம், ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக இல்லை, காரணம் வேறு என்று இன்னொரு அர்த்தம். இறந்தகால வினை 'நாட்' போட்டு வந்து, பின்னாலேயே 'பிகாஸ்' வந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நடுவில் கமா போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நானாக இருந்தால் வாக்கியத்தையே திருப்பி, "த சூப்பர்வைசர் ஆஸ்க்டு அஸ் நாட் டு ரன் இட், ஸோ வீ டிட் நாட்" என்று எழுதுவேன். அழகு குறைவுதான், ரிப்போர்ட்டுக்கு அழகு எதற்கு?

'சின்ஸ்', 'ஆஸ்' இரண்டும் நேரத்தையும் சொல்லும், காரணத்தையும் சொல்லும். காரணம் சொல்லும் இடத்தில் 'பிகாஸ்' என்றே போட்டுவிடு. 'ஆஃப்டர்' வந்தாலே எது முன்னால் நடந்தது என்பது தெரிந்துவிடும், பக்கத்தில் பெரும்பாலும் 'ஹேட்' தேவைப்படாது. 'நோ சூனர்... தேன்' எல்லாம் பரீட்சையோடு போயிற்று.

கடைசியாக 'அண்ட்'. அதில்தான் நிஜமாகவே வம்பு இருக்கிறது. "வீ ட்ரைடு அண்ட் ரீஸ்டார்ட்டெட் த பம்ப்" என்றால் பம்ப் ஓடிவிட்டது என்று அர்த்தம். ஓடவில்லையே! பேச்சில் "ஐ வில் ட்ரை அண்ட் கம்" என்பது சகஜம், தப்பு என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களும் உண்டு, எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் வினை இறந்தகாலத்துக்குப் போனதும் அந்தச் சலுகை போய்விடும். 'ட்ரைடு டு ரீஸ்டார்ட்' என்று எழுது.

'கோ அண்ட்' மட்டும் இறந்தகாலத்திலும் தாராளமாக நிற்கும், "ஷி வென்ட் அண்ட் பாட் எ நியூ பெல்ட்" என்றால் ஒரு குற்றமும் இல்லை. நீ எழுதியிருப்பதோ "த சூப்பர்வைசர் வென்ட் அண்ட் டோல்டு த கான்ட்ராக்டர்." நம் ஊரில் "அவர் போய்ச் சொல்லிட்டார்" என்றால் குரலை வைத்து அது செய்தியா குறையா என்று தெரியும். இங்கிலீஷிலும் அந்தக் குறை சொல்லும் சாயல் 'வென்ட் அண்ட்'டுக்கு உண்டு, காகிதத்தில் குரல் வராது. சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் கோள் சொன்னேன் என்கிறாயா என்று உன்னிடமே வருவார். 'இன்ஃபார்ம்டு த கான்ட்ராக்டர்' என்று போட்டுவிடு.

மற்ற இடமெல்லாம் பென்சிலில் குறித்து இதோடு வைத்திருக்கிறேன். திருத்தி எழுதியதை மேனேஜருக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு தரம் போட்டோ எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ரயில் சேலம் ஜங்ஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொன்னால் வண்டிக்குச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா